"நீலகிரிப் பழங்குடி மண்டையோடு, 2000 வருஷம்" என்று ஒரு விற்பனைப் பதிவு: என்ன செய்யலாம்?

கல்வட்டம்_கோத்தகிரி கேட்டது:

வணக்கம். படம் போடும் செயலி ஒன்றில் இரண்டு வாரமாக ஒரு விற்பனைப் பதிவு சுற்றுகிறது. மொத்தம் மூன்று படம்.

முதல் படத்தில் சிவப்பு வெல்வெட் துணி மேல் ஒரு மண்டையோடு, கீழ்த்தாடையோடு சேர்த்து. நல்ல பழுப்பு நிறம். தாடையின் இரண்டு பக்கமும் சின்ன ஸ்பிரிங் தெரிகிறது. நெற்றிக்கு மேலே சுற்றிலும் மெல்லிய கோடு ஓடுகிறது. இரண்டாவது படம் அதே ஓடு பக்கவாட்டில். மூன்றாவது படத்தில் அடுக்கடுக்காக வளையம் வைத்த உயரமான மண்பானை, மூடியில் எருமை மாதிரி ஓர் உருவம், பக்கத்துத் தட்டில் வெள்ளையும் சாம்பலுமாகச் சில துண்டுகள்.

கீழே எழுதியிருப்பது: "நீலகிரி மலைப் பழங்குடி, கல்வட்டத்தில் எடுத்தது, 2000 வருஷம், ஒரிஜினல். பூஜைக்கும் ஆகும். விலை இன்பாக்ஸில்."

கேட்க வேண்டியவை நான்கு. படத்தை வைத்தே எவ்வளவு தூரம் சொல்லலாம்? எந்தச் சட்டத்தில் இது மாட்டும்? பதிவை அவர் அழித்துவிட்டால் ஆதாரம் நிற்க என்ன செய்து வைக்க வேண்டும்? கடைசியாக, உள்ளூர் வாட்ஸப் குழுக்களில் கோபமாக இதே படத்தைப் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அது நல்லதா கெட்டதா? "நாமே காசு போட்டு வாங்கி மியூசியத்தில் கொடுத்துவிடலாம்" என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. சுட்டியை வேண்டுமென்றேதான் இங்கே போடவில்லை.

---

எலும்பறை எழுதியது:

சுட்டி போடாதது நல்லது. நீங்கள் எழுதிய வர்ணனையே போதும்.

முதல் இரண்டு படத்துக்கு விடை அந்த ஸ்பிரிங்கில் இருக்கிறது. கல்வட்டம் என்பது சுற்றிலும் கல் அடுக்கிய பழங்கால ஈமக்குழி, அதற்குள் யாரும் ஸ்பிரிங் வைத்துப் புதைக்கவில்லை. கீழ்த்தாடையை மேலே தொங்கவிட இரண்டு பக்கமும் துளை போட்டு ஸ்பிரிங் மாட்டுவது மருத்துவக் கல்லூரிக்கென்று தயார்செய்த ஓட்டில். நெற்றிக்கு மேலே ஓடுகிற கோடு ரம்பத்தால் அறுத்த கோடு. மேல்மூடியைக் கழற்றி உள்ளே நரம்பு போகும் துளைகளைக் காட்டுவதற்காக அறுப்பார்கள். உற்றுப் பார்த்தால் கோட்டின் மேலும் கீழும் சின்னப் பித்தளைக் கொக்கியோ ஆணித்துளையோ தெரியும், பெரும்பாலும் மூன்று இடத்தில். இவை இருந்தால் அது பாடம் நடத்த ஆன எலும்பு. பழங்குடி, 2000 வருஷம் எல்லாம் விற்கிறவர் ஒட்டிய சீட்டு.

பழுப்பு நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தயார்செய்த ஓடு வெளுத்து, தந்த நிறத்தில் இருக்கும். பழசாகக் காட்ட அதைக் கட்டித் தேயிலைத் தண்ணீரிலோ காப்பித் தண்ணீரிலோ ஊறப்போடுவார்கள். (நம் மலையில் தேயிலைக்கா பஞ்சம்.) அறுத்த விளிம்பைப் பாருங்கள். அறுத்த பிறகு ஊறியிருந்தால் விளிம்பும் வெளிப்புறமும் ஒரே நிறத்தில் இருக்கும். மண்ணில் கிடந்த எலும்பின் கறை அப்படிச் சீராக இருக்காது. மண்ணைத் தொட்டுக்கிடந்த பக்கம் ஒரு நிறம், மற்ற பக்கம் வேறு நிறம். மேற்பரப்பில் மெல்லிய கிளைகிளையான கோடுகள் அரித்திருக்கும், வேர் ஓடிய தடம் அது. ஊறவைத்த ஓட்டில் இந்தத் தடத்தைக் கொண்டுவர முடியாது.

வெறும் ரெசின் வார்ப்பாக இருக்கவும் வாய்ப்புண்டு. மூக்குத் துவாரத்துக்குள் பாருங்கள். உண்மை ஓட்டில் உள்ளே காகிதம் மாதிரி மெல்லிய எலும்பு மடிப்புகள் இருக்கும், பாதி உடைந்தும் போயிருக்கும். வார்ப்பில் அந்த இடம் மொழுக்கென்று அடைத்திருக்கும். பல்லும் எலும்பும் ஒரே பளபளப்பில் இருந்தால் வார்ப்பு. மண்டை எலும்புகள் சேரும் தையல் கோடு உண்மையில் ஆழமாக, முறுக்கி முறுக்கிப் போகும். வார்ப்பில் மேலோட்டமான கீறல்தான். "அடிப்பக்கம் ஒரு படம் அனுப்புங்கள்" என்று மட்டும் விற்பவரிடம் கேட்டுவிடாதீர்கள். அது அவருக்கு வாடிக்கையாளர் வந்த மாதிரி.

இன்னொரு பக்கமும் யோசியுங்கள். நீலகிரி மேட்டு மண் அமில மண். தேயிலை அங்கே செழிப்பாக வருவதே அதனால்தான், பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் நிற்கும் மண்ணில், அவ்வளவு மழையில், எலும்பின் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோகும். கல்வட்டங்களைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் எரித்த எலும்புத் துண்டும் சாம்பலும். எரிந்த எலும்பு மண்ணில் தாக்குப்பிடிக்கும், ஆனால் முழுசாக இருக்காது. பல் வரிசையோடு முழு ஓடு அங்கிருந்து வந்தது என்றால், கதை எழுதியவருக்கு இந்த மலையின் மண்ணைத் தெரியவில்லை. தோடர், கோத்தர் என்று பெயர் போட்டு விற்றால் இன்னும் அபத்தம். இரண்டு பேருமே இறந்தவரை எரிக்கிறவர்கள்.

சீட்டு பொய் என்பதால் விஷயம் லேசாகிவிடவில்லை. அந்த ஓடு ஒருவருடைய தலை. இந்தியாவில் தயாரான மருத்துவ எலும்புகளின் பெரிய சந்தை கல்கத்தா. உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் அங்கிருந்து போயின, 1985இல் மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்யும் வரை. உடல் எங்கிருந்து வந்தது? ஆற்றில் விட்டது, விறகுக்குக் காசில்லாமல் பாதி எரிந்தது, இடுகாட்டில் இரவோடு இரவாகத் தோண்டியது. வலைக்குள் போட்டுத் தண்ணீரில் அழுகவிட்டு, சுரண்டி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெயிலில் காயப்போட்டு, கடைசியில் அமிலத்தில் வெளுத்து எடுப்பார்கள். தடைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. 2007இல் மேற்கு வங்கத்தின் பூர்வஸ்தலியில் போலீஸ் பிடித்ததும் இந்த மாதிரி ஒரு பட்டறையைத்தான். 2018 நவம்பரில் பீகாரின் சாப்ரா ரயில் நிலையத்தில் ஒரு பயணியின் மூட்டையிலிருந்து மண்டையோடுகளும் எலும்புகளும் சிக்கின. உங்கள் படத்து ஓட்டுக்கு உரியவர் ஊட்டியையே பார்த்திருக்க மாட்டார், ஆனால் சம்மதம் அவரிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

---

தாண்டிக்குடி_கல்திட்டை எழுதியது:

மேலே எலும்பறை அக்கா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லோரும் ஓட்டையே பார்க்கிறீர்கள். எனக்குப் பதறுவது மூன்றாவது படம்.

வளையம் வளையமாக அடுக்கிய உயரமான பானை, மூடியில் எருமை: இது நீலகிரிக் கல்வட்டங்களுக்கே உரிய வகை. மூடியில் எருமை, குதிரை, மனித உருவம் எல்லாம் வரும். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் 1870களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தவற்றில் ஒரு பகுதி இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பார்த்துச் செய்த போலியாகவும் இருக்கலாம், அதற்கு ஆள் இருக்கிறார்கள். ஆனால் தட்டில் வெள்ளையும் சாம்பலுமாகத் துண்டுகள் என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. எலும்பு தீயில் போனால் சுமார் 300, 400 டிகிரியில் கறுக்கும், 500, 600இல் சாம்பல் நீலமாகும், 700, 800ஐத் தாண்டினால்தான் சுண்ணாம்பு வெள்ளை. ஒரே குவியலில் மூன்று நிறமும் கலந்திருந்து, துண்டுகளில் பிறை வடிவமாக வெடிப்பு ஓடியிருந்தால், உடலோடு எரிந்த எலும்பு என்று எடுத்துக்கொள்ளலாம். காய்ந்த எலும்பை எரித்தால் வெடிப்பு நேர்கோட்டில், சதுரம் சதுரமாக வரும். படத்தைப் பெரிதாக்கி வெடிப்பைப் பாருங்கள்.

அப்படி இருந்தால் யாரோ ஒரு கல்வட்டத்தைப் புதிதாகக் கலைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது உடனே பார்க்க வேண்டியது தரையை. நடுக்கல் சாய்ந்ததா, வட்டத்துக்குள் புதுமண் கிளறிக் கிடக்கிறதா, புல் வட்டமாகச் செத்திருக்கிறதா என்று உங்களுக்குத் தெரிந்த இடங்களை ஒரு நடை நடந்து பாருங்கள். கலைந்திருந்தால் உள்ளே இறங்க வேண்டாம், கிடக்கிற சில்லைப் பொறுக்க வேண்டாம். பத்து ரூபாய் நாணயமோ அளவுகோலோ பக்கத்தில் வைத்து நாலு திசையிலிருந்தும் படம், ஜி.பி.எஸ். எண், நேரம். அந்த எண்ணைக் குழுவில் போடாதீர்கள். புதையல் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டிப் பலகை வைத்த மாதிரி ஆகிவிடும்.

பழனி மலைப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. பெருமாள்மலை, பேத்துப்பாறை, தாண்டிக்குடி வட்டாரக் கல்திட்டைகளில் (பலகைக் கல் நிறுத்திக் கட்டிய பழைய ஈமச்சின்னங்கள்) பல பாறைத் தளத்தின் மேலேயே நிற்கின்றன. ஆங்கிலேட் பாதிரியாரும் நியூட்டனும் இவற்றை ஆராய்ந்து எழுதியது 1928இல் அச்சானது. செண்பகனூர் மியூசியத்தில் அவர்கள் காலத்துச் சேகரிப்பு உண்டு. பாறைத் தளத்தில் நின்ற திட்டைக்குள் மண்ணும் கொஞ்சம், பொருளும் கொஞ்சம். அதனால் "கொடைக்கானல் குள்ளர் குகை மண்டையோடு" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டுப் போகலாம். "தாண்டிக்குடிப் பாசிமணி" என்று விற்றால் சிரிக்காதீர்கள். அங்கே மண்ணுக்குள் இருந்த ஈமக்குழிகளைக் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு செய்தார்கள், சூதுபவள மணிகள் உண்மையிலேயே வந்தன.

---

மேட்டுச்சாலை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் வாங்கி ஒப்படைப்பதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. போலீசுக்குப் போனால் ஆறு மாசம். அதற்குள் பானை பெங்களூர் போய் அங்கிருந்து எங்கேயோ போய்விடும். பத்துப் பேர் ஆளுக்கு ரெண்டாயிரம் போட்டால் முடிந்தது.

---

தாண்டிக்குடி_கல்திட்டை எழுதியது:

முடியாது தம்பி, அங்கேதான் ஆரம்பிக்கும். பானைக்கு இன்று இருபதாயிரம் கொடுத்தால் கோத்தகிரியில் பானைக்கு விலை இருபதாயிரம் என்று நாளைக்கு ஊருக்கே தெரியும். அடுத்த மாசம் இன்னும் நாலு வட்டம் கிளறியிருப்பார்கள். தொல்பொருளுக்கு மதிப்பே அது எந்த வட்டத்தில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான். கையில் வாங்கிய பானைக்கு அது எதுவும் இல்லை.

காசு கொடுக்காமல் மீட்டதற்கு உதாரணம் வேண்டுமா? 2024 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில் ஓர் ஏல நிறுவனம் கொம்பு கட்டிய நாகா மண்டையோடு ஒன்றை ஏலத்தில் வைத்தது. மதிப்பு 3,500இலிருந்து 4,000 பவுண்டு என்று பட்டியலில் போட்டிருந்தார்கள். நாகா அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன, நாகாலாந்து முதல்வர் நெய்பியூ ரியோ வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார், ஏலம் நடக்கும் முன்பே அதை எடுத்துவிட்டார்கள். யாரும் ஒரு பைசா ஏலம் கேட்கவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகம் 2019இல் இலங்கை வேடர்களின் ஒன்பது மண்டையோடுகளை அவர்கள் தலைவரிடமே திருப்பிக் கொடுத்தது. அதிலும் விலைப்பேச்சு இல்லை.

---

குன்னூர்_கோர்ட்டு எழுதியது:

சட்டப் பக்கம். நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கல், சில இடத்தில் நினைப்பதைவிட எளிது.

பானை எளிது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தில் வரும். உரிமம் இல்லாமல் விற்பனைத் தொழில் செய்யக்கூடாது. நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தனியாருக்கு வழியே கிடையாது. கடத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. மண்ணிலிருந்து எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறாரே, அது 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டத்தையும் இழுக்கும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை தண்டனை. பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, இன்னும் மாற்றவில்லை, நமக்கு அது வசதி.

ஓடு சிக்கல். காய்ந்த மனித எலும்பை வைத்திருப்பதையே குற்றம் என்று நேராகச் சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994ஐ எல்லோரும் சொல்வார்கள். அது சிகிச்சைக்காக எடுக்கும் உறுப்பையும் திசுவையும் மனதில் வைத்து எழுதியது, பழைய ஓட்டுக்குப் பொருத்துவது இழுபறி. பாரதிய நியாய சன்ஹிதா 301 (பழைய இ.பி.கோ. 297) இடுகாட்டில் அத்துமீறுவதையும் பிணத்தை அவமதிப்பதையும் பிடிக்கிறது, ஒரு வருஷம் வரை. ஆனால் மனதைப் புண்படுத்தும் எண்ணம் இருந்தது அல்லது புண்படும் என்று தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும். திருட்டு வழக்கும் தடுமாறும், பிணம் யாருடைய சொத்தும் இல்லை என்பது பழைய சட்டக் கொள்கை. அதனால் புகாரை ஓட்டின் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். பானையை முதலில் வையுங்கள், "கல்வட்டத்தில் எடுத்தது" என்ற அவர் வாசகத்தை அப்படியே மேற்கோளாகப் போடுங்கள், ஓட்டை மூன்றாவதாக வையுங்கள். பானையை விசாரிக்கப் போகிறவர் ஓட்டையும் எடுத்தே ஆக வேண்டும். யாருடையது என்று தெரியாத மனித எலும்பு கையில் வந்தால் போலீஸ் அதை அப்படியே விட முடியாது.

ஒரு வேளை இருளர், குறும்பர் இப்போதும் மதிக்கும் ஈமக் கல்லைக் கலைத்துத்தான் எடுத்தது என்று தெரியவந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்த்த பிரிவு 3(1)(t) இருக்கிறது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் புனிதமாக மதிக்கும் பொருளைச் சேதப்படுத்துவது, களங்கப்படுத்துவது அதில் குற்றம். அதற்கு அந்தச் சமூகத்தாரே புகார்தாரராக முன்வருவதுதான் பலம்.

எங்கே கொடுப்பது: உள்ளூர் காவல் நிலையம், நகல் மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும், பானைக்காகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும். மின்னஞ்சலிலும் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாளைக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது முதல் தகவலாகப் பதிவாகும். பல புகார்கள் இந்தக் கையெழுத்து இல்லாமலே செத்துப்போகின்றன. 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கு அடிக்காதீர்கள், அது பணம் போன மோசடிக்கு.

---

ஹாஷ்_குமார் எழுதியது:

ஆதாரம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

போன் ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி வைத்தால் படம் சுருங்கிவிடும், எப்போது எடுத்தது என்ற தகவலும் போய்விடும். கம்ப்யூட்டரில் பிரவுசரில் திறந்து, முகவரிப் பட்டையில் முழு முகவரியும் தெரிய, கீழே கடிகாரமும் தேதியும் தெரிய எடுங்கள். பதிவு, பின்னூட்டம், விற்பவரின் முகப்புப் பக்கம், அவருடைய மற்ற விற்பனைப் பதிவுகள் எல்லாமே தனித்தனியாக. பயனர் பெயரை அவர் நாளைக்கே மாற்றுவார். மாறாத எண் அடையாளம் பக்கத்தின் மூலக் குறியீட்டில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கம் திறந்த நிலையிலிருந்து கடைசிப் பின்னூட்டம் வரை நிறுத்தாமல் ஒரு திரைப் பதிவு வீடியோவும் வேண்டும்.

பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.-256 ஹாஷ் எடுங்கள், அது கோப்பின் கைரேகை மாதிரி. விண்டோஸில் கட்டளைத் திரையில் certutil கட்டளையே போதும், லினக்ஸில் sha256sum. வரும் 64 எழுத்தைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாட்சிய அதினியம் 63இன்படி ஒரு சான்று கொடுக்க வேண்டும், அந்தப் படிவத்திலேயே ஹாஷுக்குக் கட்டம் இருக்கிறது. அசல் கோப்பைத் திறந்து செதுக்கவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டாம். ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் முழுசாக மாறும். பெரிதாக்கிப் பார்க்க நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் செயலியிடம் புகார். முதலிலேயே புகார் செய்தால் பதிவு போய்விடும், போலீசுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. புகார் வகையில் "அருவருப்பானது", "வன்முறை" என்று தட்டினால் இயந்திரம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடும். "சட்டவிரோதப் பொருள் விற்பனை" என்ற வகையைத் தட்டுங்கள். பதில் வராவிட்டால் அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில்: 2021 விதிகளின்படி 24 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், குறித்த நாளுக்குள் முடிக்கவும் வேண்டும்.

வாட்ஸப்பில் பரப்புவது கெட்டது. கோபத்தோடு பகிர்ந்தாலும் அவருடைய கடைக்கு அது இலவச விளம்பரம். செயலிக்குக் கோபமும் ஆர்வமும் ஒன்றுதான், எண்ணிக்கை ஏறினால் இன்னும் நாலு பேருக்குக் காட்டும். டேமியன் ஹஃபர், ஷான் கிரஹாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்ஸ்டாகிராமில் மனித எலும்பு விற்பனையை எண்ணி 2017இல் வெளியிட்டார்கள். பதிவுகளில் கேட்ட விலையின் கூட்டுத்தொகை 2013இல் சுமார் 5,200 டாலர், 2016இல் சுமார் 57,000. விலை போடாத பதிவுகள் இதில் சேராது. எட்ஸி 2012இலும் ஈபே 2016இலும் கதவை மூடின. ஈபேயில் அதற்கு முன் ஏழு மாதத்தில் 454 மண்டையோடு விற்பனைக்கு வந்ததாக ஓர் ஆய்வு எண்ணியிருந்தது. கதவு மூடினதும் வியாபாரம் படம் போடும் செயலிகளுக்கும் மூடிய குழுக்களுக்கும் நகர்ந்தது. அங்கே பொருள் பெயரை நேராக எழுத மாட்டார்கள். "ஓய்வு பெற்ற பாடப்பொருள்", "நெறிப்படி பெறப்பட்டது" என்பார்கள், காகிதம் கேட்டால் இருக்காது. தமிழில் தேடினால் "கபாலம்", "மாந்திரீகப் பொருள்", "மை" என்று வரும்.

---

மேட்டுச்சாலை எழுதியது:

வாங்கும் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் "பூஜைக்கும் ஆகும்" என்ற வரி எனக்கு இடிக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளனுக்கு அது எதற்கு?

---

எலும்பறை எழுதியது:

சரியான இடத்தில் கைவைத்தீர்கள். அந்த வரி நம் ஆளுக்கு எழுதியது. தலைச்சன் பிள்ளை செத்தால் புதைத்த இடத்தில் சில நாள் காவல் இருக்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு, மந்திரவாதி மண்டையோட்டுக்கு வருவான் என்ற பயம்தான் காரணம். அந்தப் பழைய கிராக்கியும் வெளிநாட்டு அலமாரிக் கிராக்கியும் ஒரே பதிவில் சந்தித்திருக்கின்றன. இந்த வகைப் பதிவுகளில் இன்னொன்றும் நடக்கும்: யு.பி.ஐ.யில் முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போவது. ஏமாந்தவன் எந்த முகத்தோடு ஸ்டேஷனுக்குப் போவான்?

---

கல்வட்டம்_கோத்தகிரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில்: ஓட்டில் கொக்கித் துளை இரண்டு தெளிவாகத் தெரிகிறது. தட்டுத் துண்டுகளில் இரண்டில் வெடிப்பு வளைந்துதான் போகிறது. குழுக்களில் படத்தை அழிக்கச் சொல்லியாயிற்று.

இதே சாக்கில் இன்னொன்று. குழுவில் ஒரு குடும்பத்தில் பெரியவர் ஒருவர் 1970களில் மருத்துவம் படித்தபோது வாங்கிய எலும்புப் பெட்டி பரணில் இருக்கிறதாம். இந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்துபோய், கேத்தி பக்கம் எங்காவது புதைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள்.

---

எலும்பறை எழுதியது:

புதைக்க வேண்டாம், ஓடையில் விடவும் வேண்டாம், குப்பையில் நிச்சயம் வேண்டாம். மலையில் மண் சரியும், நாய் தோண்டும், தோட்டத்து ஆள் ஒருவர் கையில் தொடையெலும்பு வரும். பிறகு போலீஸ், தடய அறிவியல் என்று இரண்டு மாசம் ஊரே கொலைக் கதை பேசும்.

அது பெரும்பாலும் ஹாஃப் செட்டாக, அதாவது பாதி எலும்புக்கூடாக இருக்கும். திறந்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: மண்டையோடு, கீழ்த்தாடை, ஒரு பக்கத்துக் கை கால் எலும்புகள், தோள்பட்டை, காறை எலும்பு, இடுப்பெலும்பு, திருவெலும்பு, முதுகெலும்பு எத்தனை, விலா எத்தனை, கம்பியில் கோத்த கைப்பாதமும் கால்பாதமும். பூசணம் பிடித்திருக்கும், கையுறையும் முகக்கவசமும் போட்டு எடுக்கவும், கழுவ வேண்டாம். பெட்டியில் கடைச் சீட்டோ எண்ணோ ஒட்டியிருந்தால் கிழிக்காமல் படம் எடுக்கவும். யார், எந்த வருஷம், எதற்காக வாங்கியது என்று ஒரு பக்கக் கடிதம். அதோடு அரசு மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறைத் தலைவருக்கு முதலில் எழுதிக் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகு கொண்டுபோக வேண்டும். உங்களுக்கு ஊட்டியிலேயே கல்லூரி இருக்கிறது. பெற்றுக்கொண்டோம் என்று முத்திரையோடு ஒரு சீட்டு கட்டாயம் வாங்குங்கள். காரில் கொண்டுபோகும்போது கடிதத்தின் நகல் முன் சீட்டில் இருக்கட்டும், வழியில் செக்போஸ்ட்டில் டிக்கி திறக்கச் சொன்னால் வாயால் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஜூனியர் பிள்ளைகளுக்கு விற்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சீனியர் ஜூனியருக்கு விற்பது காலங்காலமாக நடக்கிறதுதான், அந்த வரிசையில் ஒருவர் இணையத்தில் விளம்பரம் போட்டதும் அது உங்கள் முதல் படமாகிவிடுகிறது. முதல் வருஷப் பாடத்துக்கு இப்போது நல்ல பிளாஸ்டிக் மாதிரிகள் போதும்.

---

முத்தோரை_பாலாடா எழுதியது:

எல்லாம் படித்தேன். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. புகார் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கல்வட்டம் எந்த ஊர் எல்லையில் என்று தெரிந்தால், அந்த ஊர் மூப்பரிடமோ மந்திலோ (தோடர் குடியிருப்பு) போய்ச் சொல்லிவிட்டுப் போங்கள். கல்வட்டம் எங்கள் முன்னோருடையது என்பவர்களும் உண்டு, எங்களுடையது இல்லை ஆனால் தொடக்கூடாது என்பவர்களும் உண்டு. இரண்டையும் கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தோடர்களிடம் படத்தை நீட்டும்போது கவனம். முதல் சடங்குக்குப் பிறகு இறந்தவரின் மயிரையும் மண்டையோட்டின் ஒரு துண்டையும் இரண்டாம் சடங்கு வரை பாதுகாத்துவைக்கும் வழக்கத்தை நூறு வருஷத்துக்கு முன்பே ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். மண்டையோடு என்பது அவர்களுக்கு யாரோ ஒருவருடைய எலும்பு இல்லை. போனை எடுத்து முகத்துக்கு நேரே காட்டாமல், வாயால் சொல்லி, பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுக் காட்டுங்கள். முதலில் பானைப் படம் மட்டும் போதும்.

---

கல்வட்டம்_கோத்தகிரி எழுதியது:

சரிங்க. பானைப் படத்தைத் தனியாக வெட்டி நகல் எடுத்தாயிற்று, அசல் தொடவில்லை, ஹாஷ் தாளில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை மூப்பரைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேரே ஸ்டேஷன். புகாரின் வரைவைச் செவ்வாய்க்கிழமை பெயர்கள் இல்லாமல் இங்கே போடுகிறோம், குன்னூர் சார் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.